மின்னூட்டமே இல்லாத நியூட்ரானுக்கு முடுக்கி எதற்கு?

கீழடியில் 353 செ.மீ. ஆழத்தில் எடுத்த மாதிரி கி.மு. 580-ஐச் சேர்ந்தது என்று தமிழ்நாடு தொல்லியல் துறை 2019-இல் அறிவித்தபோது நாமெல்லாம் அந்த ஆண்டைக் கொண்டாடினோம். அந்த எண் கார்பன்-14 கணக்கிலிருந்து வந்தது என்பதும் பலருக்குத் தெரியும். கார்பன்-14 எங்கிருந்து வந்தது என்று கேட்டவர்கள் குறைவு. விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் வளிமண்டலத்தின் மேல்பகுதியில் காற்று அணுக்களை மோதி உடைக்கின்றன. அப்படி உதிரும் நியூட்ரான்களில் ஒன்று நைட்ரஜன்-14 அணுக்கருவுக்குள் நுழைகிறது, உள்ளே இருந்த ஒரு புரோட்டான் வெளியேறுகிறது. மிஞ்சியது கார்பன்-14. அதைச் செடி உறிஞ்சியது, செடி விறகாகிக் கரியானது, இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்குப் பிறகு நாம் அதைத் தோண்டி எடுத்தோம்.

நியூட்ரான் தூண்டும் அணுக்கரு வினை என்றால் இதுதான். ஒரு நியூட்ரான் அணுக்கருவுக்குள் போகிறது. வேறு ஏதோ வெளியே வருகிறது. அல்லது எதுவும் வராமல் உள்ளே இருப்பது மாறிவிடுகிறது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். தேனி பொட்டிப்புரம் விவகாரத்தில் ஆண்டுக்கணக்கில் அடிபட்டது நியூட்ரினோ. அது எதனோடும் எளிதில் மோதாமல் பூமியையே ஊடுருவிப் போகும் துகள். நாம் பேசப்போவது நியூட்ரான். இது கிட்டத்தட்ட புரோட்டான் அளவுக்கு எடை உள்ளது. 1932-இல் ஜேம்ஸ் சாட்விக் கண்டுபிடித்தார். அணுக்கருவைக் கண்டால் சும்மா போகாது.

அணுக்கரு மொத்தத்தில் நேர்மின்னூட்டம் கொண்டது. புரோட்டானையோ, இரண்டு புரோட்டானும் இரண்டு நியூட்ரானும் சேர்ந்த ஆல்ஃபா துகளையோ அதன் அருகே கொண்டுபோனால் மின்விசை தள்ளிவிடும்; தள்ளலை மீற வேகம் வேண்டும். நியூட்ரானுக்கு மின்னூட்டம் கிடையாது. எவ்வளவு மெதுவாக வந்தாலும் தடுக்க யாரும் இல்லை, நேரே உள்ளே போய்விடும். சொல்லப்போனால் மெதுவாக வந்தால் இன்னும் சுலபம். 1934-இல் ரோமில் என்ரிகோ ஃபெர்மியின் குழு கண்டது இதைத்தான். பாரஃபின் மெழுகை நடுவில் வைத்து நியூட்ரானின் வேகத்தைக் குறைத்ததும் வெள்ளி மாதிரியில் எழுந்த கதிரியக்கம் பல மடங்கு ஏறியது. 1938-இல் ஃபெர்மிக்கு நோபல் பரிசு கிடைத்ததற்கு இந்த மெதுவான நியூட்ரானும் ஒரு காரணம்.

உள்ளே போன பிறகு என்ன ஆகும் என்பதில் பல வகை உண்டு. அணுக்கரு நியூட்ரானைப் பிடித்து வைத்துக்கொண்டு, மிஞ்சிய ஆற்றலைக் காமா கதிராக உமிழலாம். நைட்ரஜனில் பார்த்ததுபோல் புரோட்டானையோ, ஆல்ஃபாவையோ வெளியே விடலாம். வந்த நியூட்ரானுக்கு வேகம் அதிகமென்றால் ஒன்றுக்கு இரண்டாக நியூட்ரான்கள் வெளியேறலாம். யுரேனியம்-235 போன்ற கனமான கரு இரண்டாகப் பிளக்கலாம். உள்ளே போகாமல் வெறுமனே மோதித் திரும்புவதும் உண்டு.

எது, எவ்வளவு வாய்ப்போடு நடக்கும்? இந்த ஒரு கேள்விக்காகத்தான் துகள்களை வேகமாக்கும் முடுக்கிகள் போன்ற இத்தனை பெரிய இயந்திரங்களைக் கட்டியிருக்கிறார்கள்.

அந்த வாய்ப்பை அளக்கும் எண்ணுக்குக் குறுக்குவெட்டுப் பரப்பு என்று பெயர். ஆய்வகத்தில் யாரும் அப்படி நீட்டிச் சொல்வதில்லை, கிராஸ் செக்‌ஷன்தான். அதன் அலகு பார்ன். ஒரு சதுர சென்டிமீட்டரைக் கோடி கோடியாகப் பிரித்து, அதில் ஒரு பங்கை மறுபடி ஆயிரம் கோடியாகப் பிரித்தால் ஒரு பார்ன். யுரேனியம் அணுக்கருவின் உண்மையான குறுக்குப் பரப்பு இரண்டு பார்னுக்குச் சற்றுக் குறைவு. எனவே எல்லாக் கருக்களுக்கும் ஒன்றிரண்டு பார்ன்தான் இருக்கும் என்று எதிர்பார்ப்போம். அளந்து பார்த்தால் அப்படி இல்லை. அறை வெப்பநிலையில் அலையும் மெதுவான நியூட்ரானைப் பிடிக்க ஹைட்ரஜனுக்கு 0.33 பார்ன். தங்கத்துக்கு 98.65. காட்மியம்-113-க்கு இருபதாயிரத்துக்கு மேல். செனான்-135-க்கோ இருபது லட்சத்தையும் தாண்டுகிறது. கருவின் உருவ அளவுக்கும் இந்த எண்ணுக்கும் சம்பந்தமே இல்லை. கோட்பாட்டை மட்டும் வைத்துக்கொண்டு இந்த எண்களைத் துல்லியமாகச் சொல்ல இன்றும் முடியவில்லை. ஆகவே ஒவ்வொன்றையும் அளந்தே ஆகவேண்டும்.

இதெல்லாம் எங்கோ இருக்கும் ஆய்வகத்தின் கவலை என்று நினைத்தால், சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் சுமார் 70 கி.மீ. போய்ப் பார்க்கலாம். கல்பாக்கத்தின் சென்னை அணுமின் நிலையம் இயற்கை யுரேனியத்தை எரிபொருளாகவும், கனநீரை வேகத் தணிப்பானாகவும் வைத்து வடிவமைக்கப்பட்டது. சாதாரண நீரே நியூட்ரானை நன்றாக மெதுவாக்கும். ஆனால் அதிலுள்ள ஹைட்ரஜன் நியூட்ரானை விழுங்கவும் செய்யும். கனநீரில் அதற்குப் பதிலாக இருக்கும் டியூட்டீரியம் (கருவில் ஒரு நியூட்ரான் கூடுதலாக உள்ள ஹைட்ரஜன்) விழுங்குவது அதைவிட 600 மடங்கு குறைவு. இயற்கை யுரேனியத்தில் பிளவுபடும் யுரேனியம்-235 வெறும் 0.7 சதவீதம்தான், நியூட்ரானை வீணாக்க அங்கே வசதியில்லை. அவ்வளவு செலவு செய்து கனநீர் தயாரிப்பது அந்த 600 மடங்குக்காகத்தான்.

அதே வளாகத்தில் இருக்கும் 500 மெகாவாட் வேக ஈனுலைக்குக் கதையே வேறு. அங்கே நியூட்ரானை மெதுவாக்குவதே இல்லை, வேகமாகவே விடுகிறார்கள். யுரேனியம்-235-ஐ மெதுவான நியூட்ரான் பிளக்கும் வாய்ப்பு 585 பார்ன். நியூட்ரானின் ஆற்றல் 10 லட்சம் எலக்ட்ரான் வோல்ட், அதாவது 1 எம்இவி ஆகும்போது அது ஒன்றேகால் பார்ன் அளவுக்கு இறங்கிவிடுகிறது. புளூட்டோனியத்திலும் இதே மாதிரி சரிவு உண்டு. அதனால்தான் வேக உலைக்குச் செறிவான எரிபொருள் வேண்டியிருக்கிறது. உலையைக் குளிர்விக்கும் திரவ சோடியமும் தப்புவதில்லை. சோடியம்-23 ஒரு நியூட்ரானைப் பிடித்துச் சோடியம்-24 ஆகிறது. 15 மணி நேர அரை ஆயுட்காலத்தோடு (பாதி அணுக்கள் சிதைய ஆகும் நேரம்) வலுவான காமா கதிர்களை வீசுகிறது. கதிரியக்கம் ஏறிய அந்த முதல் சோடியம் நீராவிப் பக்கம் போகாதபடி நடுவில் இரண்டாவது சோடியச் சுற்று ஒன்றை வைத்தாக வேண்டும். பொறியாளர் போட்ட குழாய் ஒவ்வொன்றுக்கும் பின்னால் யாரோ அளந்த ஒரு பார்ன் கணக்கு இருக்கிறது.

இப்போது சிக்கலுக்கு வருவோம். குறுக்குவெட்டுப் பரப்பு நியூட்ரானின் ஆற்றலோடு மாறுகிறது என்று பார்த்தோம். அது சீராக மாறினாலாவது பரவாயில்லை. யுரேனியம்-238 சுமார் 6.7 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலில் வரும் நியூட்ரானை ஆயிரக்கணக்கான பார்ன் வாய்ப்போடு பிடிக்கிறது. ஆற்றல் சற்று நகர்ந்தால் சில பார்னுக்கு விழுகிறது. மேலே போகப்போக இப்படியே ஊசி ஊசியாக நூற்றுக்கணக்கான சிகரங்கள். இவற்றை ஒத்ததிர்வுகள் என்கிறோம். ஆக, நியூட்ரான் எந்த ஆற்றலில் வந்தது என்று தெரியாமல் எத்தனை வினை நடந்தது என்று மட்டும் எண்ணினால் அந்த எண்ணால் பயன் குறைவு.

புரோட்டான் என்றால் மின்புலத்தால் முடுக்கலாம், காந்தத்தால் வளைக்கலாம், வேண்டிய ஆற்றலை வைத்துக் குறிபார்த்து அடிக்கலாம். நியூட்ரானிடம் இந்த வேலையெல்லாம் நடக்காது. மின்னூட்டம் இல்லாததால் முடுக்கி அதைக் கண்டுகொள்ளாது. சேமித்து வைப்போம் என்றால் தனியாக விட்ட நியூட்ரான் சராசரியாக 15 நிமிடத்துக்குள் தானே சிதைந்துவிடும். அணு உலையில் நியூட்ரான் கொட்டிக்கிடக்கிறது, உண்மைதான். ஆனால் எல்லா வேகத்திலும் கலந்து, ஓயாமல் வருகிறது.

எனவே விஞ்ஞானிகள் சுற்றுவழியில் போனார்கள். முடுக்குவது வேறொரு துகளை. அது போய் மோதுகிற இடத்தில் நியூட்ரான் பிறக்கும். எப்போது பிறந்தது என்பது மோதும் நேரத்தை வைத்துத் தெரிந்துவிடும். முடுக்கியால் நமக்குக் கிடைக்கிற பெரிய லாபம் நியூட்ரானின் பிறந்த நேரம்தான் என்பது என் எண்ணம்.

ஜெனீவா அருகே செர்ன் ஆய்வகத்தில் 2001-இலிருந்து இயங்கும் என்-டாஃப் என்ற அமைப்பைப் பார்த்தால் இது விளங்கும். செர்ன் என்றாலே நமக்கு 27 கி.மீ. வளையமும் ஹிக்ஸ் போசானும்தான் ஞாபகம் வரும். இது அங்கேயே உள்ள பழைய, சிறிய வளையம் ஒன்றிலிருந்து புரோட்டான்களை வாங்கிக்கொள்கிறது. ஏழு லட்சம் கோடி புரோட்டான்கள் ஒரே கொத்தாக, 7 நானோ விநாடி அகலத்துக்குள், ஓர் ஈயக் கட்டியில் போய் விழுகின்றன. ஒவ்வொன்றின் ஆற்றலும் சுமார் 20,000 எம்இவி. பிள்ளையார் கோயில் வாசலில் ஓங்கி உடைக்கும் சிதறுகாயை நினைத்துக்கொள்ளுங்கள். ஈய அணுக்கரு அப்படித்தான் தெறிக்கிறது. ஒரு புரோட்டானுக்கு ஏறக்குறைய 300 நியூட்ரான்கள். அவை மெதுவானவையும் வேகமானவையுமாகக் கலந்து, காற்று நீக்கப்பட்ட ஒரு குழாய் வழியே 185 மீட்டர் பயணம் செய்து, மறுமுனையில் காத்திருக்கும் மாதிரியை அடைகின்றன.

எல்லாம் ஒரே நொடியில் புறப்பட்டவை. தூரமும் எல்லாவற்றுக்கும் ஒன்றே. ஆகவே வந்துசேர்ந்த நேரம்தான் வேகம், வேகம்தான் ஆற்றல். 1 எம்இவி நியூட்ரான் 185 மீட்டரை 13.4 மைக்ரோ விநாடியில் கடக்கும். 1 எலக்ட்ரான் வோல்ட் நியூட்ரானுக்கு 13.4 மில்லி விநாடி ஆகும். ஆற்றலில் பத்து லட்சம் மடங்கு வித்தியாசம், நேரத்தில் ஆயிரம் மடங்கு வித்தியாசம். கடிகாரத்தைப் பார்த்தே ஒவ்வொரு வினைக்கும் அதைத் தூண்டிய நியூட்ரானின் ஆற்றலை எழுதிவிடலாம். கடிகாரத்தை எப்போது ஓடவிடுவது? ஈயத்தில் புரோட்டான் மோதும்போது காமா கதிரும் பீறிடுகிறது. அது ஒளியின் வேகத்தில் 0.6 மைக்ரோ விநாடியில் வந்து உணர்கருவியைத் தாக்குகிறது. அதிலிருந்து பின்னோக்கிக் கழித்தால் புறப்பட்ட நேரம். இந்தக் காமா வெள்ளம் சில உணர்கருவிகளைச் சற்று நேரம் குருடாக்கிவிடும் என்பதுதான் தொல்லை. முதலில் வந்துசேரும் வேகமான நியூட்ரான்களை அளப்பது கடினமாக இருப்பதற்கு அது ஒரு காரணம்.

தூரம் கூடினால் நேரத்தைப் பிரித்தறிவது எளிது, ஆனால் மறுமுனைக்கு வரும் நியூட்ரான்கள் குறைந்துவிடும். அதனால் 2014-இல் ஈயக் கட்டிக்கு நேர் மேலே சுமார் 20 மீட்டர் உயரத்தில் இரண்டாவது அளவிடும் அறையைத் திறந்தார்கள். மிகச் சிறிய மாதிரிகளுக்கும், தானே கடும் கதிரியக்கம் உள்ள மாதிரிகளுக்கும் அந்த அறை.

மாதிரியில் நியூட்ரான் பிடிபட்டதை எப்படி அறிவது? வெளிவரும் காமாவைப் பிடித்து. அதற்கு அங்கே அதிகம் பயன்படுவது பென்சீன் திரவம். அதிலும் சாதாரண ஹைட்ரஜனை எடுத்துவிட்டு டியூட்டீரியத்தைச் சேர்த்த பென்சீன். மாதிரியில் மோதித் திரும்பிய நியூட்ரானை உணர்கருவியே விழுங்கிவிட்டுத் தப்புக் கணக்குக் கொடுக்கக் கூடாதல்லவா? கல்பாக்கத்தில் கனநீர் இருப்பதற்கும் இதற்கும் ஒரே காரணம்.

எனக்கு மிகவும் பிடித்தது அவர்கள் பின்னணியை அளக்கும் தந்திரம். அறையில் அங்குமிங்கும் தெறித்துத் திரியும் கதிர்களும் கணக்கில் சேர்ந்துகொள்ளும். அதைக் கழிக்க வேண்டும். அதற்காக வழியில் தடிமனான வெள்ளி, கோபால்ட் போன்ற தகடுகளை நிறுத்துகிறார்கள். வெள்ளிக்கு 5.2 எலக்ட்ரான் வோல்ட்டில் வலுவான ஒத்ததிர்வு உண்டு. அந்த ஆற்றலில் வரும் நியூட்ரான் ஒன்றுகூட தகட்டைத் தாண்டாது. ஆனாலும் அந்த ஆற்றலுக்குரிய நேரத்தில் உணர்கருவி ஏதாவது எண்ணிக்கை காட்டினால்? அவ்வளவும் பொய்க் கணக்கு. அதுதான் பின்னணி.

இவ்வளவு பெரிய கூடம் இல்லாமலும் வேலை நடக்கும். மும்பை கொலாபாவில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவன வளாகத்தில் 1980-களின் இறுதியிலிருந்து பெல்லட்ரான் முடுக்கி ஓடுகிறது. 1 கோடியே 40 லட்சம் வோல்ட் வரை மின்னழுத்தம் தாங்கும் வகையில் வடிவமைத்தது. டெல்லியிலும் இதே குடும்பத்து முடுக்கி ஒன்று இருக்கிறது. கிண்டி வளாகத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு அணுக்கரு இயற்பியல் துறையே உண்டு. அங்கேயோ வேறு பல்கலைக்கழகத்திலோ ஆய்வு செய்பவருக்கு இம்மாதிரி முடுக்கியில் பீம் டைம், அதாவது துகள் கற்றையைப் பயன்படுத்தும் நேரம், வேண்டுமென்றால், இன்ன வினையை இன்ன ஆற்றலில் அளக்கப்போகிறேன் என்று எழுதிக் கொடுத்து, குழு ஏற்றுக்கொண்ட பிறகு தனக்கு ஒதுக்கிய நாட்களில் போய்ச் செய்ய வேண்டும். இரவு பகல் ஷிஃப்ட்.

அங்கே நியூட்ரான் செய்யும் முறை எளிது. மெல்லிய லித்தியத் தகட்டின் மேல் புரோட்டானை விட்டால் லித்தியம்-7 பெரிலியம்-7 ஆக மாறி ஒரு நியூட்ரானை வெளியே விடும். புரோட்டானுக்கு 1.88 எம்இவிக்குக் குறைந்தால் எதுவும் நடக்காது. 16 எம்இவி புரோட்டானை விட்டால், நேர் முன்னே வரும் நியூட்ரான்களில் பெரும்பகுதி 14 எம்இவியை ஒட்டி இருக்கும். கூடவே குறைந்த ஆற்றலுள்ள ஒரு வாலும் ஒட்டிக்கொண்டு வரும், அதைத் தனியே கணக்குப் போட்டுக் கழிக்க வேண்டும்.

அளக்க வேண்டிய மாதிரியோடு ஒரு தங்கத் தகட்டையும் சேர்த்து அலுமினியத் தாளில் பொதிந்து லித்தியத்துக்குப் பின்னால் ஒட்டுகிறார்கள். தங்கம் எதற்கு? அதன் எண்கள் ஏற்கெனவே நன்றாகத் தெரிந்தவை என்பதால், எத்தனை நியூட்ரான் வந்தது என்பதற்கு அது சாட்சி. தங்கத்தை எடைபோடுவதில் தி.நகர் கடைக்காரரைவிட இவர்கள் கறாராக இருப்பார்கள், ஏனென்றால் எடையில் வரும் பிழை அப்படியே இறுதி விடையில் வந்து உட்காரும்.

ஒரு சின்னக் கணக்கு போடலாம். தகடு 0.1 கிராம். அதில் 30 லட்சம் கோடி கோடி அணுக்கள். சதுர சென்டிமீட்டருக்கு விநாடிக்கு 10 லட்சம் நியூட்ரான் என்று வைத்துக்கொள்வோம். 14 எம்இவியில் ஒரு நியூட்ரான் உள்ளே போய் இரண்டு வெளியே வரும் வினைக்குத் தங்கத்தில் சுமார் 2 பார்ன். மூன்றையும் பெருக்கினால் விநாடிக்கு 600 வினைகள். 10 மணி நேரத்தில் ஏறக்குறைய இரண்டு கோடி தங்கம்-196 அணுக்கள். இதன் அரை ஆயுட்காலம் ஆறு நாட்களுக்குச் சற்று மேல் என்பதால், பீமை நிறுத்தியபின் விநாடிக்கு முப்பதுக்கும் குறைவாகவே சிதையும். அந்தத் தகட்டை, திரவ நைட்ரஜனில் மைனஸ் 196 டிகிரிக்குக் குளிரூட்டிய ஜெர்மானியம் உணர்கருவியின் முன் வைத்தால், திரையில் 356 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில் ஒரு சிகரம் மெல்ல வளரும். பக்கத்தில் 412-இல் இன்னொன்றும் தெரியலாம். அது வாலில் வந்த மெதுவான நியூட்ரானைப் பிடித்த தங்கம்-198. சிகரத்தின் பரப்பை எண்ணி, கணக்கைப் பின்னோக்கி நடத்தினால் வந்த நியூட்ரான்கள் எத்தனை என்று தெரியும். பிறகு அதே எண்ணை வைத்து மாதிரியின் பார்ன் கிடைக்கும்.

இந்தத் தங்கம்-198 சிதைந்து என்ன ஆகிறது தெரியுமா? பாதரசம்-198. பாதரசத்தைத் தங்கமாக்க முயன்ற ரசவாதிகள் பார்த்தால் தலையில் அடித்துக்கொள்வார்கள்.

நியூட்ரான் ஆய்வுக்காக அல்ல என்றாலும், சென்னைக்குள்ளேயே ஒரு பெரிய முடுக்கி இருக்கிறது. தரமணியில் 2019-இல் திறந்த புரோட்டான் புற்றுநோய் சிகிச்சை மையத்தில் புரோட்டான்கள் சுமார் 230 எம்இவி வரை முடுக்கப்படுகின்றன. அந்தப் புரோட்டான் எதில் மோதினாலும் சிறிய அளவில் நியூட்ரான் தெறிக்கத்தான் செய்யும். அவ்வகை அறைகளின் கான்கிரீட் சுவர்கள் மீட்டர் கணக்கில் தடிமனாக இருப்பது பெரும்பாலும் இந்த நியூட்ரானுக்காகத்தான். கான்கிரீட்டிலுள்ள நீரின் ஹைட்ரஜன் அதை மெதுவாக்கி முடிவில் விழுங்கிக்கொள்ளும். சுவரின் தடிமனைத் தீர்மானிப்பதும் பார்ன் அட்டவணைதான்.

இவ்வளவு அளந்தும் இன்னும் பிடிகொடுக்காத எண்கள் உண்டு. அவற்றில் ஒன்று நம் மணலோடு சம்பந்தப்பட்டது. கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் மோனசைட் என்ற கனிமம் இருக்கிறது, மோனசைட்டில் தோரியம் இருக்கிறது. தோரியம்-232 நேரடியாக நல்ல எரிபொருள் அல்ல. அது ஒரு நியூட்ரானைப் பிடித்து, புரோட்டாக்டினியம்-233 ஆகி, அது 27 நாள் அரை ஆயுட்காலத்தோடு மெதுவாக யுரேனியம்-233 ஆக மாறுகிறது. இந்த யுரேனியம்-233-ஐ எரிபொருளாகக் கொண்டு கல்பாக்கத்தில் காமினி என்ற 30 கிலோவாட் உலை 1996-இலிருந்து இருக்கிறது. சிக்கல் நடுவில் உள்ள அந்த 27 நாட்களில். அதற்குள் இன்னொரு நியூட்ரான் வந்து புரோட்டாக்டினியத்தில் பட்டால் என்ன நடக்கும்? பிடித்துக்கொண்டால் கிடைக்கவிருந்த எரிபொருள் போயிற்று. பிளந்தால் கணக்கு வேறு. அளந்து பார்க்கலாமென்றால், அளவிடத் தேவையான மாதிரியே கடும் கதிரியக்கத்தோடு நாளுக்கு நாள் கரைந்துகொண்டிருக்கும்.

பாபா அணு ஆராய்ச்சி மையத்தினர் பிளவு வினைக்கு வேறு பாதையில் போனார்கள். புரோட்டாக்டினியம்-233 ஒரு நியூட்ரானை ஏற்றால், பிளக்கும் முன் கண நேரம் இருக்கப்போவது கிளர்ந்த நிலையில் உள்ள புரோட்டாக்டினியம்-234. அந்தக் கருவை வேறு வழியில் உண்டாக்கினால் போதாதா? மும்பை பெல்லட்ரானில் லித்தியம்-6-ஐ முடுக்கி, கையில் தாராளமாக இருக்கும் தோரியத்தின் மேல் விட்டார்கள். லித்தியம்-6 ஒரு புரோட்டானையும் ஒரு நியூட்ரானையும் தோரியத்திடம் விட்டுவிட்டு ஆல்ஃபாவாக வெளியேறும்போது மிஞ்சுவது அதே புரோட்டாக்டினியம்-234. ஆல்ஃபா கிடைத்த நிகழ்வுகளில் எத்தனை முறை பிளவும் கூடவே நடந்தது என்று எண்ணி, அதிலிருந்து நியூட்ரான் வினையின் குறுக்குவெட்டுப் பரப்பைக் கணக்கிட்டார்கள். முடுக்கியிலிருந்து ஒரு நியூட்ரானைக்கூட மாதிரியின் மேல் விடாமலே.